முறித்தலும் பயிற்றலும்
கொணர்நாய்க் கல்வியின் வரலாறு

கொல்லாமையைத் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றும் மரபிலே வந்த கல்லூரி ஒன்றின் ஆண்டு மலரில், சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்துவரும் நாயைப் பற்றிய கட்டுரை எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். வினா நியாயமானதே. வேட்டையைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓர் உயிரை அடித்து அடக்கிப் பணிகொள்வதா, அன்றி அதன் இயல்பறிந்து பயிற்றிப் பணிகொள்வதா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்துவந்த களங்களுள் வேட்டை நாயின் பயிற்சிக்களமும் ஒன்று. அவ்வழக்கின் வரலாறு ஆசிரியத் தொழில் பூண்டார்க்கும் மாணவர்க்கும் பயன்தரும் என்னும் துணிபினாலேயே இதனை எழுதலானேன்.

நாயோடு வேட்டையாடுதல் எந்நாட்டிலும் பழையது. நம் சங்க நூல்களுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலும், வேட்டுவர் நாயும் வலையும் கொண்டு முயல் பிடிக்கும் காட்சி உண்டு. ஆயின் துரத்திப் பிடிக்கும் நாய் வேறு. பிறர் வீழ்த்தியதைத் தேடி எடுத்து, பல் பதியாமற் கௌவிவந்து, ஆண்டான் கையிற் கொடுக்கும் நாய் வேறு. பின்னையதனை ஆங்கிலேயர் 'றிற்றீவர்' என்பர். ஈண்டு அதனைக் 'கொணர்நாய்' என வழங்குவாம். துரத்துதல் நாயின் பிறவிக் குணம். பிடித்ததைத் தின்னாது பிறர்க்குக் கொடுத்தலோ கல்வியால் வருவது. இக்கல்வி ஒரு தனித் துறையாக வளர்ந்த நாடு பிரித்தானியா. ஆதலின் அந்நாட்டு வரலாற்றையே பெரிதும் நோக்குவாம்.

இருவேறு கல்விகள்

துவக்கு பரவுமுன் ஐரோப்பாவில் நிலப்பறவைகளைப் பருந்து வகைகளைக் கொண்டும் வலையைக் கொண்டும் பிடித்தனர். பிரான்சின் தென்பாகத்திலே புவா என்னும் நாட்டை ஆண்ட காஸ்தோன் பேபஸ் என்னும் பிரபு, 1387ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய வேட்டை நூலில் 'ஸ்பானியல்' நாய்களைப் பற்றிப் பேசுகின்றார். நிலத்திற் படுத்துக் குறிகாட்டப் பழகியவை கௌதாரியையும் காடையையும் வலையிற் படுத்த உதவும் என்றும், நீந்தப் பழகியவை ஆற்றிலே மூழ்கும் பறவைகளைப் பிடிக்க உதவும் என்றும் அவர் வேறுபடுத்திக் கூறுகின்றார். இந்நூலின் பெரும்பகுதியை யோர்க் கோமகன் எட்வேட் என்பார் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஆக்கினார்.

இப்பிரிவு கருதத்தக்கது. வலைவேட்டையில் நாய் பறவைக் கூட்டத்தை மோப்பத்தால் அறிந்து, அசையாது நிலத்தோடு படுத்துக் கிடக்கும். வேட்டைக்காரர் வலையை இழுத்து வந்து, பறவைகள்மீது மட்டுமன்றி அந்நாயின்மீதுமே போர்த்துவர். ஆகவே அந்நாய் கற்கவேண்டிய முதற்பாடம், பறவையை ஒருகாலும் தீண்டாமை. நீர்வேட்டை நாய் கற்கவேண்டியதோ, பறவையைக் கௌவி வருதல். ஒரே விலங்கினத்துக்கு நேர்மாறான இருவேறு கல்விகள் ஒரே காலத்தில் வழங்கின. பிற்காலத்துக் கொணர்நாயின் கல்வி இவ்விரண்டும் கூடிப் பிறந்ததே. அது பறவை வீழும்போது அசையாதிருக்கவும் வேண்டும், ஏவியபின் ஓடி எடுத்துவரவும் வேண்டும்.

இங்கிலாந்து நாய்களைப் பற்றிய முதற் தனிநூலை எழுதியவர் ஜோன் கேயஸ் என்னும் மருத்துவர். கேம்பிறிட்ஜில் இன்றும் அவர் பெயர் தாங்கிய கல்லூரி உளது. சுவிற்சர்லாந்து அறிஞர் கொன்றாட் கெஸ்னருக்காக அவர் இலத்தீனில் எழுதிய அந்நூல் 1570ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1576ஆம் ஆண்டில் ஆபிரகாம் பிளெமிங் அதனை ஆங்கிலத்தில் தந்தார். அதிலே நீர்நாய் வேட்டைக்கு உதவுவதோடு, குறிதவறி நீரில் வீழ்ந்த அம்புகளையும் எடுத்து வரும் எனக் கூறப்படுகின்றது. அம்பு உயிரற்ற பொருள். அதனை எடுத்துவருவதில் நாய்க்குப் பசியும் இல்லை, வெறியும் இல்லை. ஆண்டானை உவப்பித்தல் ஒன்றே உண்டு. கொணர்நாய்க் கல்வியின் வித்து அங்கே கிடக்கின்றது.

அடுத்து, 1621ஆம் ஆண்டில் ஜெர்வாஸ் மார்க்கம் என்பார் பறவை வேட்டைக் கலைபற்றிய நூலொன்றை வெளியிட்டார். நீர்நாயின் பயிற்சியை அவர் படிப்படியாக விளக்குகின்றார். குட்டி பால்குடி மறந்து நக்கியுண்ணத் தொடங்கிய பருவமே கற்பித்தற்கு ஏற்ற பருவம் என்பது அவர் கொள்கை. எறிந்த பொருளை எடுத்துவரும் பாடத்தை அவர் தொடங்குவது கையுறையொன்றைக் கொண்டு. அதிலே ஆசானின் கைமணம் இருக்கும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என நாம் ஆசிரியர் கலாசாலைகளிற் படித்த விதியை, நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே நாய்க்குக் கற்பித்தவர் கையாண்டிருக்கின்றார்.

துவக்கு வந்த காலம்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பறக்கும் பறவையைச் சுடும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றலாயிற்று. அக்காலத்துத் துவக்கு தீக்கல் பொறியால் வெடிப்பது. வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டுக் கோலால் இடித்து நிரப்பப்படுவது. ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்ப நல்ல பொழுது வேண்டும். அதற்குள் நாய் ஓடினால், எஞ்சிய பறவைகள் எல்லாம் எழுந்து பறந்துவிடும். ஆதலின் வெடி தீர்ந்தவுடன் நாய் நிலத்தில் வீழ்ந்து கிடக்கவேண்டும் என்னும் விதி உண்டாயிற்று. மருந்து நிரப்பும்வரை படு எனப் பொருள்படும் ஏவல்மொழி, வாய்வழி நிரப்பும் துவக்கு வழக்கொழிந்த பின்னும் நெடுங்காலம் பயிற்சியாளர் வாயில் வழங்கியது. கருவி மறைந்தபின்னும் அதனாற் பிறந்த ஒழுக்கம் நிலைத்திருத்தல் வரலாற்றிற் பலவிடத்தும் காணத்தக்கது.

ஸ்கொத்லாந்தில் மதகுருவாயிருந்த அலெக்சாந்தர் ஜோன் போர்சித் 1807ஆம் ஆண்டில், தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துவக்கை இயக்கும் முறைக்கு உரிமை பெற்றார். தீக்கற் பொறி மெல்ல மறைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பின்புறத்தால் தோட்டாவை இடும் துவக்கு பிரான்சிலிருந்து வந்து, 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் பொருட்காட்சியின் பின்னர்ப் பிரித்தானியாவிற் பரவியது. நிரப்பும் நேரம் நொடிகளாகச் சுருங்கியது. அக்காலத்திலேயே பயிர்த்தொழிலும் மாறியது. அரிவாளால் அறுத்த வயலில் எஞ்சிய உயர்ந்த தாளுக்குள்ளே பறவைகள் ஒளிந்திருந்தன. பொறியால் ஒட்ட அறுத்த வயலில் அவற்றுக்கு மறைவிடம் குறைந்தது. நாயை முன்விட்டுப் பின்னே நடந்து பறவை தேடும் பழைய முறை தளர்ந்தது. ஆட்கள் வரிசையாக நின்று காட்டைக் கலைத்துப் பறவைகளை ஓட்ட, பிரபுக்கள் ஓரிடத்தில் நின்று சுடும் முறை ஓங்கியது. வேல்ஸ் இளவரசருக்காக 1862ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட சான்ட்றிங்ஹம் பண்ணை இம்முறைக்குப் பேர்போனது.

அவ்வேட்டையின் அளவு நம்மைத் திகைக்க வைப்பது. அக்காலத்திற் குறிதவறாதவர் எனப் பெயர்பெற்ற றிப்பன் பிரபு, 1867ஆம் ஆண்டு தொடங்கி 1923ஆம் ஆண்டில் இறக்கும்வரை கொன்ற உயிர்கள் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டவை என்பது அவருடைய கணக்கேட்டால் தெரியவருகின்றது. இக்கணக்கைப் பெருமையாக எழுதிவைத்த காலம் அது. அறம் நோக்குவார் இதனைக் கண்டிப்பர். ஆங்கிலேயருள்ளும் கண்டித்தார் உளர்.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. சன்னம் பட்ட பறவை எல்லாம் உடனே இறப்பதில்லை. சிறகு மட்டும் ஒடிந்த பறவை நிலத்தில் வீழ்ந்து ஓடிப் புதருள் மறைந்து, நாட்கணக்கில் நைந்து சாகும். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அதனை மோப்பத்தாற் கண்டு கொணரவல்லது நாய் ஒன்றே. ஆகவே நன்கு பயின்ற கொணர்நாய் வேட்டைக் களத்திலே துன்பத்தைக் குறைக்கும் பிராணியாகவும் விளங்கிற்று. சுடுதல் கூடாது என்பது ஒரு நிலை. சுட்டபின் நோகவிடுதல் கூடாது என்பது மற்றொரு நிலை. முதல் நிலையை ஏற்பவரும் இரண்டாவதன் நியாயத்தை மறுக்கமாட்டார்.

குலமும் கதையும்

இத்தொழிலுக்குத் தகுந்த நாய் எங்கிருந்து வந்தது? கனடாவின் கீழ்க்கரைத் தீவாகிய நியூபவுண்ட்லாந்தில் மீனவர் வளர்த்த சிறிய கரிய நாய் ஒன்று இருந்தது. தூண்டிலினின்றும் நழுவிய மீனையும் நீரில் மிதக்கும் கயிற்றையும் அது நீந்திச் சென்று பற்றி வரும். அதன் குட்டையான மயிர் குளிர்நீரை ஒட்டவிடாது. அத்தீவோடு மீன் வாணிகம் செய்த கப்பல்கள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பூல் துறைமுகத்துக்கு இந்நாய்களைக் கொண்டுவந்தன. தாலவேரா என்னுமிடத்தில் 1809ஆம் ஆண்டு நடந்த போரிற் காயமுற்று வந்த கேணல் பீற்றர் ஹோக்கர், 1814ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்த தமது வேட்டை நூலின் பதிப்புக்களில் இந்நாயின் மோப்பத்தையும் வேகத்தையும் வியந்துரைக்கின்றார். பூலுக்கு அணித்தாக வாழ்ந்த மாம்ஸ்பரி பிரபுக்கள் இதனைத் தூய குலமாக வளர்த்தனர். அவர்கள் ஸ்கொத்லாந்தின் பக்ளூக் கோமகனுக்கு 1880களிற் கொடுத்த நெட், ஏவன் என்னும் இரு நாய்கள் இன்றைய இலாபிறடோர் குலத்தின் முன்னோர்களுள் வைத்து எண்ணப்படுகின்றன.

பொன்னிறக் கொணர்நாயின் தோற்றம்பற்றி ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. ருவீட்மௌத் பிரபு பிறைற்றன் நகரில் உருசிய வட்டரங்கு ஒன்றைக் கண்டு, ஆங்கு வித்தை காட்டிய நாய்களை மொத்தமாக விலைக்கு வாங்கினார் என்பதே அது. கேட்க இனிய கதை, நூல்களிலும் ஏறிவிட்டது. ஆயின் அப்பிரபுவின் நாய்ப்பதிவேடு அவர் குடும்பத்தாரிடம் இருந்தது. 1952ஆம் ஆண்டில் இல்செஸ்ரர் பிரபு அதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். வட்டரங்கும் உருசிய நாயும் அதில் இல்லை. 1865ஆம் ஆண்டில் பிறைற்றனில் வாங்கப்பட்ட 'நூஸ்' என்னும் ஒற்றை மஞ்சள் நாயும், ருவீட் ஆற்றங்கரை நீர் ஸ்பானியல் இனத்துப் 'பெல்' என்னும் பெண்நாயும், அவ்விரண்டுக்கும் 1868ஆம் ஆண்டிற் பிறந்த குட்டிகளுமே இருந்தன. வரலாறு பயில்வோர் இதனை நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். ஒரு கதை பலராற் சொல்லப்படுவதனால் உண்மையாகிவிடாது. ஓர் ஏட்டுப் பக்கம் நூறு வாய்களை வெல்லும்.

ஹச்சின்சனின் நூல்

இனி, பயிற்சி முறைக்கு வருவாம். ஆங்கிலத்தில் வேட்டை நாயைப் பயிற்றுவதற்கு வழங்கிய பழஞ்சொல் 'முறித்தல்' எனப் பொருள்படுவது. குதிரையையும் அவ்வாறே 'முறிப்பர்'. விலங்கின் மனத்திண்மையை முறித்தாலன்றி அது பணியாது என்னும் கொள்கை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது. சாட்டையும், உட்புறம் முள் பதித்த கழுத்துப் பட்டியும் அக்கொள்கையின் கருவிகள். பறவையை அழுந்தக் கடிக்கும் நாய்க்கு, இறந்த பறவையின் உடலில் ஊசிகளையும் கம்பிகளையும் செருகிக் கௌவ விடுதலும் ஒரு வைத்தியமாகக் கொள்ளப்பட்டது.

1848ஆம் ஆண்டில் ஹச்சின்சன் என்னும் படைத்தலைவர் எழுதிய நூலும் 'நாயை முறித்தல்' என்னும் பெயருடன்தான் வெளிவந்தது. ஆனால் நூலினுள்ளே நாம் காண்பது வேறு. முதற்பாடங்களைக் களத்திலன்று, வீட்டறையிலேயே, துவக்கும் பறவையும் இல்லாமலே கற்பிக்கலாம் என்கின்றார் அவர். குரலை உயர்த்தாது கைக்குறியாற் பணித்தலை வற்புறுத்துகின்றார். நாய் செய்வதைச் சரிவரச் செய்தவிடத்து உணவுத்துண்டு ஒன்றை உடனே கொடுக்கச் சொல்கின்றார். தண்டனையை அவர் முற்றாக விலக்கவில்லை. சினத்தோடு தண்டித்தலை விலக்கினார். படைவீரரை ஆணையால் நடத்திப் பழகிய ஒருவர், ஆணையின் எல்லையைக் கண்டு எழுதியமையே இந்நூலின் சிறப்பு. அது பல பதிப்புக்கள் பெற்று நெடுங்காலம் நிலைத்தது.

அவர் போன்றோர் கண்ட அடிப்படை உண்மை இது: நாய் தன் கடைசிச் செயலோடுதான் பயனை இணைத்துக் கொள்ளும். நெடுநேரம் திரிந்து காலந்தாழ்த்து வந்த நாயை, வந்தவுடன் அடித்தால், அடித்தவன் நினைப்பது 'திரிந்ததற்காக அடித்தேன்' என்பது. நாய் நினைப்பதோ 'வந்ததற்காக அடித்தான்' என்பது. மறுமுறை அது கிட்ட வாராது. வாயிற் பறவையோடு பத்தடி தூரத்தில் வட்டமிடும். குற்றம் நாயின்மேலதன்று.

பாடங்களின் வைப்புமுறை

பிற்காலப் பயிற்சியாளர் பலரும் ஒத்துக்கொண்ட படிமுறையைச் சுருங்கக் கூறுவாம். முதலில் குட்டிக்கு ஆசானிடத்தே அன்பு உண்டாகவேண்டும். பெயர் சொன்னால் வருதலும், இரு என்றால் இருத்தலும் முதற்பாடங்கள். அடுத்து, துணி திணித்துத் தைத்த சிறு பொதியொன்றை ஒடுங்கிய நடையில் எறிவர். இருபுறமும் சுவர் இருத்தலின் குட்டி வேறெங்கும் ஓட வழியில்லை. பொதியை எடுத்தால் ஆசானிடமே வரவேண்டும். பிழை செய்ய இடமில்லாதவாறு பாடத்தை அமைத்தல், பிழை செய்தபின் தண்டித்தலினும் சிறந்தது என்பதன் பொருள் இங்கே விளங்கும்.

குட்டி பொதியோடு விலகி ஓடினால் அதனைத் துரத்தலாகாது. துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். ஆசான் எதிர்ப்புறம் திரும்பி ஓடினால் குட்டி தானே பின்தொடர்ந்து வரும். வந்தபின் வாயினின்றும் பறித்தலும் ஆகாது. இழுத்தால் பல் இறுகும். அவ்வழக்கமே பின்னர்ப் பறவையை நசுக்கும் வழக்கமாக முடியும். ஒருநாளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் எறிதல் கூடாது. ஆவல் மிஞ்சியிருக்கும்போதே பாடத்தை நிறுத்துதல் வேண்டும்.

எடுத்துவருதல் பழகியபின் காத்திருத்தலைப் பழக்குவர். பொதி வீழ்வதைக் கண்டும் நாய் அசையாதிருக்கவேண்டும். பல பொதிகளை ஆசான் தாமே சென்று எடுத்து வருவார். வீழ்ந்ததெல்லாம் தனக்கென நாய் எண்ணாதிருத்தற்கு இதுவே மருந்து. வெடியோசையையும் தொலைவிலே தொடங்கிச் சிறிது சிறிதாகவே அணுக்குவர். திடீரெனக் காதருகே சுட்டால் ஆயுள் முழுதும் அஞ்சும் நாய்கள் உண்டு. நீரையும் அவ்வாறே வெப்பமான நாளில், ஆழமற்ற கரையிலிருந்து அறிமுகஞ் செய்வர்.

பறவையை எடுத்தலே அருந்தேர்வு. முதலிற் பொதியின்மீது உலர்ந்த சிறகுகளைக் கட்டுவர். பின்னர், இறந்து முற்றாகக் குளிர்ந்த, காயம் வெளித்தோன்றாத பறவையொன்றைக் கொடுப்பர். அதன் சிறகுகள் விரிந்து முகத்தில் அடியாதவாறு கட்டிவிடுதலும் உண்டு. இறகு எளிதில் உதிரும் காட்டுப்புறாவை முதலிற் கொடுப்பதில்லை. வாயில் இறகு நிறைந்து நாய் வெறுத்துத் துப்பும். வூட்கொக், உள்ளான் ஆகிய பறவைகளின் மணத்தைப் பல நாய்கள் தொடக்கத்தில் விரும்பா. இவற்றின் பின்னரே அப்போதுதான் சுடப்பட்ட பறவை வருகின்றது.

இங்கே பயிற்சியாளரின் உழைப்பு முழுவதும் சோதனைக்குள்ளாகின்றது. பறவையின் உடலில் இன்னும் சூடு உண்டு. குருதியின் மணம் உண்டு. சிலபோது துடிப்பும் உண்டு. நாயின் முன்னோராகிய ஓநாயின் குணம் விழித்தெழத்தக்க கணம் அது. சில குட்டிகள் அஞ்சிப் பின்வாங்கும். சில கடித்து அழுத்தும். சில அங்கேயே நின்று இறகைப் பிடுங்கத் தொடங்கும். ஆசான் கத்துவாராயின் அம்மணத்தோடு அச்சத்தையும் நாய் சேர்த்துக்கொள்ளும். ஆதலின் அவர் வாளாவிருந்து, பறவையிலன்றித் தம்மிடத்தே நாயின் மனம் திரும்புமாறு, சற்றே பின்னடைந்து அழைப்பார். முன்பு நூறு முறை கையுறையும் பொதியும் கொண்டு வளர்த்த வழக்கம் அக்கணத்திலே கைகொடுக்கும். கொடாதாயின், குளிர்ந்த பறவைக்கே திரும்பச் செல்வார். காயமுற்று ஓடும் பறவையைத் தொடர்தல் எல்லாவற்றுக்கும் இறுதியான பாடம். பெசன்ற் என்னும் வண்ணக் காட்டுக்கோழியின் சேவல் கால்முள்ளாற் குத்தும். முதிராத நாய் சினந்து அதனை நசுக்கும். ஒருமுறை நசுக்கப் பழகிய வாய் திருந்துதல் அரிது.

இதனாலேயே களத்தேர்வுகளில் நடுவர் பறவையை வாங்கி அதன் விலாவெலும்புகளை விரலாற் தடவிப் பார்ப்பர். எலும்பு நொருங்கியிருந்தால் அக்குற்றம் நாயை விலக்கும். வன்வாய், மென்வாய் என்னும் இக்குணங்கள் ஓரளவு குலத்தினால் வருவன. ஓரளவு கல்வியால் வருவன. குலத்தையே காரணங்காட்டி ஆசான் தம் கடனைக் கைகழுவலாகாது.

தேர்வுகளும் புதிய முறையும்

குறிகாட்டும் நாய்களுக்கான முதற் களத்தேர்வு 1865ஆம் ஆண்டில் பெட்போர்ட்ஷயரிலுள்ள சவுத்ஹில் என்னுமிடத்தில் நடந்தது. நாய்க்குலங்களைப் பதியும் கெனல் கிளப் 1873ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இலாபிறடோர் தனிக்குலமாக 1903ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கொணர்நாய்களுக்கான வாகைத்தேர்வு 1909ஆம் ஆண்டிலே தொடங்கியது.

அவ்வாகையை 1911ஆம் ஆண்டில் வென்றது, ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த காப்டன் ஆச்சிபோல்ட் பற்றர் என்பாரின் 'பீற்றர் ஒவ் பாஸ்கலி' என்னும் இலாபிறடோர். அவர் மலைச்சாரலில் இடையர் மந்தைநாய்களைச் சீழ்க்கையாலும் கையசைவாலும் நெடுந்தொலைவிலிருந்தே இயக்கும் முறையைக் கண்டு, அதனைக் கொணர்நாய்க்குக் கொண்டுவந்தார் என்பர். நாய் காணாத இடத்தில் வீழ்ந்த பறவையின்பால் அதனை நிறுத்தி, இடமும் வலமும் திருப்பிச் செலுத்தும் கலை அதனால் வளர்ந்தது. பிரபுக்களின் விளையாட்டுக்கு வழிகாட்டியவர் ஆடு மேய்ப்போர் என்பது எண்ணி மகிழத்தக்கது. இதிலே நாயின் மூக்கும் மனிதனின் கண்ணும் தொழிலைப் பங்கிட்டுக் கொள்கின்றன. எங்கே தன் அறிவை நம்புவது, எங்கே ஆசான் குறியை நம்புவது என்னும் பகுத்தறிவையே நாய் கற்கவேண்டியதாயிற்று. முறிக்கப்பட்ட மனம் இத்தொழிலுக்கு உதவாது.

இதற்குச் சான்றாக 'பாஞ்சரி போலோ' என்னும் நாயைக் கூறலாம். 1915ஆம் ஆண்டிற் பிறந்த அது, முன்னைய பயிற்சியில் அடக்கவியலாதது எனத் தள்ளப்பட்டு, 1918ஆம் ஆண்டில், பின்னாளிற் சீமாட்டி ஹோவ் எனப் பெயர்பெற்ற லோர்னா அம்மையாரிடம் வந்து சேர்ந்தது. அம்மையார் பொறுமையாலும் அன்பாலும் அதன் நம்பிக்கையை மீட்டார். முடிவில் களத்தேர்வு, அழகுக்காட்சி ஆகிய இரண்டிலும் வாகை சூடிய முதல் இலாபிறடோராக அது விளங்கிற்று. தீராத குற்றவாளி எனப்பட்ட மாணவன் வேறோர் ஆசிரியரிடம் முதன்மாணவனாதல் போன்றதே இது.

நூற்பெயர்களே இம்மாற்றத்துக்குச் சாட்சி பகர்கின்றன. 1848ஆம் ஆண்டில் ஹச்சின்சன் நூல் 'முறித்தல்'. 1915ஆம் ஆண்டில் கார்ல்ற்றன் ஸ்பானியல்களைப் பற்றி எழுதிய நூலிலும் அச்சொல்லே நின்றது. 1924ஆம் ஆண்டில் ஷார்ப் எழுதியது, தொழின்முறையாளர் அல்லாதார் நாயைப் 'பயிற்றுதல்' பற்றியது. 1952ஆம் ஆண்டில் மொக்சன் எழுதிய நூலும் 'பயிற்றல்' என்றே பெயர் பெற்றது. முதலாம் உலகப்போரின் பின் பெரும்பண்ணைகள் சுருங்கின. சம்பளத்துக்கு அமர்த்திய காவலர் தொகை குறைந்தது. தன் வீட்டில் வளர்த்த ஒற்றை நாயைத் தானே பயிற்றுவோர் பெருகினர். அடுப்பங்கரையிற் கூடவே உறங்கும் நாயை முள்பட்டியால் முறிக்க மனம் வருமா? சமூக மாற்றமும் கொள்கை மாற்றமும் ஒன்றையொன்று தழுவியே நிகழ்ந்தன.

எனினும் வழக்கு இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. காதைத் திருகி வலியூட்டி வாய் திறக்கச்செய்து பொருளைத் திணிக்கும் கட்டாய முறை அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில பகுதிகளிலும் தொடர்ந்து வந்துள்ளது. முள்பட்டியின் இடத்தை மின்னதிர்ச்சிப் பட்டி பெற்றது. வேல்ஸ் நாடு 2010ஆம் ஆண்டில் அதனைச் சட்டத்தால் விலக்கியது. கட்டாய முறையால் விரைவும் உறுதியும் கிட்டும் என்பது அம்முறையினர் வாதம். நாய் பிழையாமற் கொணர்தல் மட்டுமே நோக்கமாயின் அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. விரும்பிக் கொணர்தல் நோக்கமாயின் அது நிற்காது.

முடிபு

கொணர்நாயின் கதை வேட்டைக் களத்தோடு முடியவில்லை. பிரித்தானியாவில் பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்கள் 1931ஆம் ஆண்டில் முதன்முதலிற் பணிக்கு வந்தபோது அவை ஜெர்மன் மேய்ப்பு நாய்கள். பின்வந்த பத்தாண்டுகளிலே இலாபிறடோரும் பொன்னிறக் கொணர்நாயும் அப்பணியில் முன்னணி பெற்றன. ஓசைக்கு அஞ்சாமை, காத்திருக்கும் பொறுமை, மனிதன் முகம்பார்த்துப் பணிசெய்யும் விருப்பம், மெல்லிய வாய் ஆகிய குணங்கள் துவக்குக்காரனுக்காக வளர்க்கப்பட்டவை. இன்று அவை கண்ணிழந்தவர்க்குக் கண்ணாகின்றன. கொலைத்தொழிலின் ஓரத்தில் வளர்ந்த கல்வியொன்று அருட்டொழிலுக்குப் பயன்பட்டமை, கல்வி தான் பிறந்த இடத்தினும் உயர்ந்து செல்லவல்லது என்பதைக் காட்டுகின்றது.

இறுதியாக, என் தொழிலைப் பற்றி ஒரு சொல். யான் ஆசிரியனான முதலாண்டில், கணக்குப் பிழையோடு கொப்பியை மேசைக்குக் கொண்டுவந்த மாணவனொருவனைப் பிரம்பால் அடித்தேன். பிழைக்காக அடித்ததாகவே எண்ணினேன். அதன்பின் அவன் பிழை விடவில்லை, கொப்பியையே கொண்டுவரவில்லை. அடுத்த தவணை வரை பின்வாங்கிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதும் தலை குனிவதுமாக இருந்தான். மாணவர்க்கு உடற்தண்டனை கூடாதென நம் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிற் சுற்றறிக்கை விடுத்தது. அதனைப் படித்துத் திருந்தியிருத்தல் வேண்டும். ஆயின் எனக்கு உண்மையாக உறைத்தது பல ஆண்டுகளின் பின்னரே. வாயிற் பறவையோடு பத்தடி தூரத்தில் வட்டமிடும் நாயைப் பற்றிப் படித்த இரவிலே அம்மாணவன் முகம் நினைவுக்கு வந்தது. அவன் கொண்டுவந்ததற்காகவே அடித்திருக்கின்றேன்.

இன்று என் மேசைக்குப் பிழையோடு வரும் கொப்பியை முதலில் இரு கையாலும் வாங்குகின்றேன். பிழையைப் பின்னர்ப் பேசுகின்றேன்.